செத்துக் கிடக்கும் வாஷிங் மெஷின் போர்டு: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மும்பை செம்பூரிலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. ஏழு வருடம் ஒழுங்காக ஓடிய முழுத் தானியங்கி வாஷிங் மெஷின், ஜூலை மழையில் ஒருநாள் காலை விளக்கே எரியாமல் நின்றுவிட்டது. பார்க்க வந்த பணியாளர் "போர்டு போய்விட்டது, புதிது ஒன்பதாயிரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டவர் தாமே, மெஷினைக் கட்டுப்படுத்தும் அந்த எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி, எரிந்திருந்த ஃபியூஸை மாற்றிப் பார்த்திருக்கிறார். பிளக்கைச் செருகிய நொடியே புதியதும் போய்விட்டது. கையில் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன. முயலலாமா, அல்லது பணத்தைக் கட்டிவிடலாமா?

முயலலாம். உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல பழுது என்றே சொல்வேன். இரண்டு நாள் ஓடி, மூன்றாம் நாள் பாதித் துவைப்பில் நின்று, மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும் போர்டுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். மொத்தமாகச் செத்துக் கிடக்கும் போர்டில் கோளாறு பெரும்பாலும் மின்சாரம் உள்ளே நுழையும் பகுதியில்தான் இருக்கும். அங்கே இருபது முப்பது பாகங்களுக்கு மேல் இருக்காது. பெரும்பாலானவற்றைச் சாதாரண மல்டிமீட்டரால் சோதித்துவிடலாம். பணியாளரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை போர்டை மாற்றுவது. உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை.

இந்த வேலையில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு: மின்சாரம் போகும் வழியிலேயே நீங்களும் போகவேண்டும். பிளக்கில் 230 வோல்ட் ஏசி நுழைகிறது. ஃபியூஸைக் கடந்து, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடுகள் நான்கு சேர்ந்த பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் (சில போர்டுகளில் ஒன்றிரண்டு டயோடுகளே இருக்கும்) டிசியாக மாறி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கிறது. அங்கிருந்து ஒரு ஸ்விட்சிங் ஐசி (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு நிறுத்தும் சிப்) அதை 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. 7805 போன்ற ரெகுலேட்டர் அதிலிருந்து 5 வோல்ட் எடுத்து, மெஷினின் மூளையான மைக்ரோகண்ட்ரோலருக்குக் கொடுக்கிறது. 12 வோல்ட், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களுக்குப் போகிறது. எந்தப் படியில் வோல்ட் காணாமல் போகிறதோ, அந்தப் படிக்கும் அதற்கு முந்தைய படிக்கும் நடுவில் தேடினால் போதும். கண்ணில் பட்ட பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்ப்பவர்களைக் கடைத் தெருவில் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் சில நேரம் போர்டு உயிர் பெறும், ஆனால் என்ன பழுது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காரணம் தெரியாமல் சரியான போர்டு மறு மாதமே திரும்பி வரும்.

தொடும் முன் ஆபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் போர்டில் மஞ்சள் டேப் சுற்றிய சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், எல்என்கே304 வகையைச் சேர்ந்த ஒரு சிறிய ஐசியும் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) மட்டும் இருந்தால், அந்த போர்டில் வீட்டு மின்சாரத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை என்று பொருள். வாஷிங் மெஷின்களில் இது மிகவும் சாதாரணம். மோட்டாரையும் தண்ணீர் வால்வையும் இயக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சுகளான டிரையாக்குகளின் வசதிக்காக 5 வோல்ட் கோட்டையே மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேராக இணைத்திருப்பார்கள். மீட்டர் "5 வோல்ட்" என்று காட்டும் அதே புள்ளி, தரையில் நிற்கும் உங்களைப் பொறுத்தவரை 230 வோல்ட்டாக இருக்கலாம். ஆகவே மின்சாரம் இருக்கும்போது போர்டின் எந்தப் பகுதியையும் விரலால் தொடாதீர்கள். கறுப்பு முனையை ஒரு கிளிப்பால் முதலிலேயே மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒரு கையால் மட்டும் வைத்து அளக்கவும். பிளக்கை எடுத்தபின்னும் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். அதை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரத்தை விட்டுவிடுங்கள். இரண்டு முதல் ஐந்து கிலோஓம் வரையுள்ள, ஐந்து வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை, கம்பிகளுக்கு உறை போட்டு, சில விநாடிகள் குறுக்கே பிடித்தால் போதும். பிறகு மீட்டரால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஒரு சீரீஸ் பல்பு செய்துகொள்ளுங்கள். 60 வாட் இழை பல்பு ஒன்றை ஃபேஸ் கம்பியின் நடுவில், போர்டுக்கு முன்னால் இணைப்பதுதான். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும், அதற்கு மேல் எந்தச் சேதமும் ஆகாது. போர்டு நலமாக இருந்தால் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும்வரை ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துபோகும் அல்லது மங்கும். இது இருந்திருந்தால் உங்கள் இரண்டாவது ஃபியூஸ் பிழைத்திருக்கும். மோட்டார், வால்வு, பம்ப் எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றிவிட்டு, போர்டையும் முன்பக்க பேனலையும் மட்டும் வைத்துச் சோதிக்கவும்.

இப்போது உங்கள் ஃபியூஸுக்கு வருவோம். கண்ணாடிக் குழாயின் உள்ளே கறுப்பாகவோ வெள்ளிப் பூச்சாகவோ படிந்திருந்தால், ஒரே நொடியில் பெரும் மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி மட்டும் நடுவில் விட்டிருந்தால், ஃபியூஸ் மெல்லச் சோர்ந்து போயிருக்கலாம். உங்களுடையது போட்டவுடனே போனதால் ஷார்ட் என்பதில் சந்தேகமில்லை. பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தால் உடனே விரட்டிவிடுங்கள். ஃபியூஸுக்குப் பதிலாக போர்டின் செம்புத் தடம் எரியும்.

மின்சாரம் இல்லாத நிலையில், ஃபியூஸுக்கு அடுத்த பாகத்திலிருந்து தொடங்குங்கள். வட்ட பிஸ்கட் வடிவில், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது வேரிஸ்டர். 471 என்று அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய 470 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும். தொடர்ந்து 300 வோல்ட் ஏசி வரை தாங்கும். அதற்கு மேல் வோல்டேஜ் வந்தால் தன்னையே பலிகொடுத்து ஃபியூஸை எரித்துவிடும். அது வெடித்தோ கருகியோ இருந்தால் குற்றவாளி போர்டுக்கு வெளியே இருக்கிறான். மும்பையின் பழைய கட்டடங்களில் மூன்று ஃபேஸ் வந்து வீடு வீடாகப் பிரியும் இடத்தில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால், சில வீடுகளுக்கு வோல்டேஜ் 300-ஐத் தாண்டி 400 வரைகூட ஏறும். பக்கத்து வீடுகளுக்கு இறங்கும். அன்று காலை மாடியில் யார் வீட்டிலாவது டிவி, வைஃபை பெட்டி, எல்இடி விளக்கு போனதா என்று விசாரியுங்கள். ஆம் என்றால், போர்டைச் சரிசெய்யும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கீழே மீட்டர் அறையைப் பார்க்கச் சொல்வதுதான் முதல் வேலை.

வேரிஸ்டர் நலம் என்றால் பிரிட்ஜ். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து அங்கிருக்கும் டயோடுகள் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டவேண்டும், மறு திசையில் ஒன்றும் காட்டக்கூடாது. இரு திசையிலும் பூச்சியம் என்றால் அந்த டயோடு ஷார்ட். ஆனால் பக்கத்துப் பாகத்தின் ஷார்ட்டும் இதே இடத்தில் தெரியும் என்பதால், சந்தேகம் வந்த பாகத்தின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி அளந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். அடுத்து பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகவேண்டும். பூச்சியத்திலேயே நின்றால் ஒன்று கெப்பாசிட்டர் ஷார்ட், இல்லையென்றால் அதற்கு அடுத்துள்ள ஸ்விட்சிங் ஐசி ஷார்ட். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

ஐசி ஷார்ட் ஆகியிருந்தால், புதியதைப் பொருத்தும் அவசரத்தில் பலர் ஓரிடத்தில் சறுக்குவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகையில், ஐசி ஷார்ட்டானால் 325 வோல்ட் காயில் வழியாக நேரே 12 வோல்ட் கோட்டுக்குள் புகுந்துவிடும். அந்த நொடியில் பின்னால் இருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்காமல் புதிய ஐசி போட்டால், அதுவும் கண்ணெதிரே போகும். 12 வோல்ட் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் (போர்டில் வோல்ட்டை எண்ணத் தொடங்கும் பூச்சியப் புள்ளி) நடுவே, பிறகு 5 வோல்ட் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். சில ஓம் மட்டும் காட்டினால் அந்தக் கோட்டில் ஷார்ட். சில போர்டுகளில் இதற்கென்றே, வோல்டேஜ் அளவு மீறினால் கடத்தும் ஜீனர் டயோடு ஒன்றை வைத்திருப்பார்கள். அது தான் ஷார்ட்டாகி மற்றவர்களைக் காப்பாற்றியிருக்கும். ஜீனரை எடுத்ததும் ஓம் அளவு நூற்றுக்கணக்குக்கு ஏறினால் நிம்மதி. ஏறாமல், மைக்ரோகண்ட்ரோலரே ஷார்ட் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஐசி கடையில் கிடைத்தாலும் உள்ளே எழுதப்பட்ட நிரல் கிடைக்காது. ஒன்பதாயிரம் கொடுக்கவேண்டிய இடம் அதுதான்.

ஃபியூஸ் போகாமலேயே போர்டு செத்திருக்கும் வேறு வகையும் உண்டு. உங்களுடையது இது அல்ல என்றாலும், ஷார்ட்டைச் சரிசெய்தபின் இங்கேதான் வந்து நிற்பீர்கள். பிரிட்ஜுக்கு முன்னாலோ பின்னாலோ 10 முதல் 47 ஓம் வரையில் ஒரு தடித்த ரெசிஸ்டர் இருக்கும். அது ஃபியூஸாகவும் வேலை செய்யும் ரெசிஸ்டர். ஐசி ஷார்ட்டாகும்போது இதுவும் சேர்ந்து திறந்துகொள்ளும். அதே வகையைத்தான் வாங்கிப் போடவேண்டும். சாதாரண ரெசிஸ்டர் போட்டால் அடுத்த முறை தீப்பிடிக்கக்கூடும். அடுத்தது, "கரண்ட் போகும்வரை நன்றாகத்தான் ஓடியது, திரும்பி வந்தபின் எழவே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்டதுமே ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டரைத்தான் நான் பார்ப்பேன். பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபேரட். ஐசி கிளம்புவதற்கான முதல் உந்துதலைக் கொடுப்பது அதுதான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் பலவீனம் தெரியாது.

கெப்பாசிட்டர்களை மேல்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். உப்பாமலும் கெடும். மல்டிமீட்டரில் மைக்ரோஃபேரட் சரியாகக் காட்டும், ஆனால் உள்தடை ஏறியிருக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டதுபோல. இந்த உள்தடையை அளக்கத் தனி மீட்டர் வேண்டும். அது இல்லையென்றால், ஏழு வருடப் பழைய போர்டில் 12 வோல்ட், 5 வோல்ட் பக்கத்துச் சிறிய கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். எல்லாம் சேர்ந்தும் ஒரு சினிமா டிக்கெட் விலை வராது. 105 டிகிரி வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு.

மும்பைக்கே உரிய விஷயத்துக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் நீங்கள் ஜூலை என்று சொன்னீர்கள். கடல் காற்றில் உப்பு இருக்கிறது, மழைக்காலம் முழுவதும் ஈரம் இருக்கிறது, வாஷிங் மெஷினில் இவற்றோடு சோப்புக் கரைசலின் ஆவியும் சேர்கிறது. இவை போர்டின் மேல் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடும். பக்கத்துப் பக்கத்து ஊசிகளுக்கு நடுவே வோல்டேஜ் வேறுபாடு இருந்தால் உலோகமே நகர்ந்து முடிபோல வளர்ந்து ஷார்ட் உண்டாக்கும். செம்பில் பச்சை பூத்திருந்தால் இதுதான். சூடான போர்டைத் தேடி வரும் கரப்பான் பூச்சியும் பல்லியும் தனிக் கதை. 325 வோல்ட் பகுதியில் குறுக்கே கிடக்கும் பல்லியைக் கண்டால், உங்கள் ஷார்ட்டுக்கான காரணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்ய எல்லோரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத்தான் எடுப்பார்கள். ஆனால் உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்து முதலில் தேயுங்கள். ரிலே, பஸ்ஸர் இவற்றின் துளைகளை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆல்கஹால். அது மிச்சமிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது என்பதால் மேசை விளக்கின் இழை பல்புக்குக் கீழே ஓரடி தள்ளி இரவு முழுவதும் வைக்கலாம். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உப்பை எடுக்காமல், அதன் மேல் எண்ணெய் பூசி தூசியையும் கூட்டிவைக்கும்.

உங்கள் போர்டு முழுவதும் கண்ணாடிபோன்ற ரப்பரில் மூழ்கியிருக்கலாம். பாலியூரிதேன், ஈரம் புகாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் ஊற்றுவது. பழுது பார்ப்பவனுக்குச் சாபம். தேவையான இடத்தில் மட்டும், ஹேர் டிரையரால் லேசாக இளக்கி, மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கத்தியாலோ தோண்டி எடுங்கள். அயர்னின் நுனியால் பொசுக்கி எடுக்கும் வழக்கத்தைப் பல கடைகளில் பார்க்கலாம். அதிலிருந்து வரும் ஐசோசயனேட் புகை நுரையீரலுக்கு மிகக் கெடுதல், ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. வேலை முடிந்தபின் தோண்டிய இடத்தை அப்படியே விடாமல், போர்டுகளுக்கென்று விற்கும் அக்ரிலிக் பூச்சால் மூடிவிடுங்கள். நகப்பூச்சு வேண்டாம், அது எளிதில் தீப்பற்றும்.

5 வோல்ட் வந்து, பேனல் எரிந்து, மெஷின் பாதி வேலை மட்டும் செய்தால் கதை சுருக்கம். தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அந்த வால்வின் டிரையாக்கைப் பாருங்கள், பிடி136 போன்றது. மெஷின் அணைந்திருக்கும்போதே தண்ணீர் ஏறினால் அது ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், வால்வே அழுக்கில் மூடாமல் இருப்பதும் உண்டு. ரிலே "டக்" என்று அடிக்கவில்லை என்றால் அதை இயக்கும் யூஎல்என்2003-ஐச் சந்தேகியுங்கள், மலிவான ஐசி. அடிக்கிறது, ஆனால் மோட்டார் ஓடவில்லை என்றால் ரிலேயின் முனைகள் கருகியிருக்கலாம். கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயத்தில் முடியளவு வட்ட விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். அதிர்வும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை அது. புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) இட்டு உருக்கினால் போதும். தொழிற்சாலையில் வைத்தது ஈயமே இல்லாத கலவையாக இருந்தால் சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் 63/37 வகை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் அயர்ன் உருக்க மறுத்தால் திணறாமல் பழையதைப் புதியதோடு கலக்கவிடுங்கள்.

பாகங்களுக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போவதே மேல். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கெட்ட பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி நேரம் வேறு ஏதோ ஒன்றோடு திரும்புவீர்கள். "சல் ஜாயேகா" (இதுவே ஓடும்) என்று கடைக்காரர் வேறு எண்ணை நீட்டினால், ரிலேக்கும் கெப்பாசிட்டருக்கும் ஒருவேளை சம்மதிக்கலாம்: கெப்பாசிட்டரில் வோல்டேஜ் கூடலாம், குறையக்கூடாது. ஸ்விட்சிங் ஐசிக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய போர்டுகளிலிருந்து கழற்றி, எழுத்தை அழித்து மறுபடி அச்சிட்டு விற்கும் சரக்கும் அந்தத் தெருவில் உண்டு. கால்களில் பழைய ஈயத்தின் தடமோ மேல்பரப்பில் சுரண்டிய சொரசொரப்போ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு ஐசி வாங்கிக்கொள்ளுங்கள், அயர்னின் சூட்டில் ஒன்று போனாலும் மறுபடி ரயில் ஏறவேண்டாம்.

சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா என்று தேடி நாளைக் கழிக்காதீர்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது நல்ல காரியம்தான், ஆனால் போர்டின் வரைபடத்தை அதில் எதிர்பார்க்கவேண்டாம். ஐசியின் எண்ணைத் தேடி அதன் டேட்டாஷீட்டை (விவரத் தாளை) எடுங்கள். அதில் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் மாதிரிச் சுற்றும் உங்கள் போர்டின் மின்பகுதியும் பெரும்பாலும் ஒரே ஜாடையில் இருக்கும்.

போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் கவனம். கருகிய இடம் கரியாகி மின்சாரம் கடத்தும். அந்தக் கறுப்பு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, தடத்துக்குப் பதில் உறையிட்ட கம்பி இழுக்கவேண்டும். கருகல் உள்ளங்கை அளவு பரவியிருந்தால் புதிய போர்டுக்குப் பணம் எடுத்துவையுங்கள்.

எல்லாம் மாற்றியபின் மறுபடி சீரீஸ் பல்பு வழியாகத்தான் முதல் மின்சாரம். பல்பு மினுக்கி அணைந்தால், அந்த நிலையிலேயே மூன்று அளவுகள் எடுங்கள்: பெரிய கெப்பாசிட்டரில் 300-க்கு மேல், அடுத்து 12, அடுத்து 5. பத்து நிமிடம் விட்டு மறுபடி அளந்து, 5 வோல்ட் 4.8-க்குக் கீழே இறங்காமல் நின்றால் பல்பை எடுத்துவிட்டு, அச்சிட்ட அளவுள்ள ஃபியூஸைப் போட்டு, மெஷினில் மாட்டலாம். பல்பு இருக்கும்போது மோட்டாரை ஓட்ட முயலாதீர்கள். பல்புதான் எரியும், மோட்டார் சுற்றாது. 12 வந்து 5 வரவில்லை என்றாலோ, இரண்டும் வந்தும் பேனல் இருட்டாகவே இருந்தாலோ, அந்த மூன்று அளவுகளோடு போர்டின் இருபக்கப் படத்தையும், ஸ்விட்சிங் ஐசியின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எங்கே அளக்கவேண்டும் என்று சொல்கிறேன்.